கேட்டைப் பூட்டிய ஞாபகம்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், மாட்டுவண்டிப் பாதையொன்று ரயில் பாதையைக் குறுக்கே தாண்டுகிற இடத்தில், சவுரிராயன் பதினாறு வருஷம் கேட்டைத் திறந்து மூடினான். பாசஞ்சரும் கூட்ஸுமாக நாளைக்கு ஒன்பது வண்டி. மொத்தம் எத்தனை தடவை என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரே ஒரு தடவையைப் பற்றித்தான் அவனிடம் கேட்டார்கள். அந்த ஒன்றுதான் அவனிடம் இல்லை.

அவன் அப்பன் அந்தோணி பெரிய வீட்டில் படியாள். பொழுது விடிந்தது முதல் அடைகிற வரை அந்த வீட்டுக் களத்திலும் கழனியிலும் கிடந்தவன். சேரி நின்ற மண்ணும் பெரிய வீட்டு மண்தான். மாதா கோயில் சாமியார் நடத்திய பள்ளிக்கூடத்தில் சவுரிராயன் நாலு வருஷம் உட்கார்ந்தான். கையெழுத்து வந்தது, கடிகாரம் பார்க்க வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் சாமியார் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய்க் காட்டியதற்கு ரயில்வேயில் ஒரு பூட்டு, இரண்டு கொடி, ஒரு கைவிளக்கு, பாதையோரம் ஒற்றை அறை வீடு, ஒரு நீலக் கோட்டு எல்லாம் கிடைத்தன. கோட்டுக்கு ஐந்து பித்தளைப் பொத்தான்.

ஊர்த்தெரு வழியாகப் போகும்போது கோட்டைக் கழற்றி மடித்து அக்குளில் வைத்துக்கொள்வான். ரயில்வே எல்லைக்கல் வந்த பிறகுதான் மறுபடி போட்டுக்கொள்வான். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவனிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒவ்வொரு தடவையும் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பான். பத்தடி போய்த் திரும்பி வந்து நாலாவது முறையும் இழுப்பான். அந்த மாதத்துப் பூட்டுகளெல்லாம் தனித்தனியாக அவன் மனதில் இருந்தன: பூட்டின்மேல் கட்டெறும்பு ஊர்ந்த நாள், சாவி தவறித் தண்டவாளச் சல்லியில் விழுந்த நாள், கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் குழந்தை நாக்கை நீட்டிய நாள். பிறகு கை கற்றுக்கொண்டது. கை கற்றுக்கொண்டதும் தலை அந்த வேலையைக் கைவிட்டது. தூரத்தில் விசில் கேட்டால் உடம்பு எழுந்து போகும். மேற்குக் கதவை இழுக்கும், சங்கிலியை மாட்டும், பூட்டும். தண்டவாளத்தைத் தாண்டிப் போய்க் கிழக்குக் கதவுக்கும் அதையே செய்யும். கொடியை எடுத்துக்கொண்டு நிற்கும். அத்தனை நேரமும் சவுரிராயன் வேறெங்காவது இருப்பான். ஏழு வருஷத்துப் பூட்டுகள் உருகி ஒன்றாகிவிட்டன.

ஐப்பசி, கார்த்திகையில் வேர்க்கடலை பிடுங்கி முடிந்து மல்லாட்டை மூட்டை ஏற்றிய வண்டிகள் திண்டிவனம் மண்டிக்கு வரிசையாகப் போகும். மூடிய கேட்டில் நிற்க வண்டிக்காரர்களுக்குப் பொறுமை இருக்காது. கதவு கீல்முளையில் சும்மா உட்கார்ந்திருக்கும். இரண்டு பேர் தோள் கொடுத்தால், சமயத்தில் ஒரே ஆள் தோள் கொடுத்தால்கூட, பூட்டு பூட்டியபடி இருக்க, கதவு மறுமுனையில் கழன்று வந்துவிடும். வண்டியை ஓட்டிப் போய்விட்டுக் கதவைத் திரும்ப மாட்டிவிட்டும் போவார்கள். அந்தப் பக்கத்து வண்டிக்காரர்களில் ஒரு தடவையாவது தூக்காதவன் கிடையாது. சவுரிராயன் கத்துவான், அவர்கள் ஒரு கைப்பிடி பச்சை மல்லாட்டையை அவன் வாசலில் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு போவார்கள்.

முப்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. விடியற்காலையிலிருந்து தூறல். விழுப்புரத்திலிருந்து வரும் பாசஞ்சர் காலை ஏழு மணிக்கு மேல் கேட்டைக் கடக்கும். அதற்குச் சற்று முன்னால், கேட் இன்னும் திறந்திருந்த நேரத்தில், பெரிய வீட்டு மகன் வேங்கடேசனின் வில்வண்டி கிழக்கேயிருந்து வந்தது. தண்டவாளத்தைத் தாண்டுவதற்கு முன் வண்டியை நிறுத்தச் சொன்னான்.

"யார்ரா அது, கலெக்டரா?"

"நான்தாங்க, சவுரி."

"எந்தச் சவுரி?"

சவுரிராயன் பிறந்ததிலிருந்து வேங்கடேசனுக்கு அவனைத் தெரியும். "அந்தோணி மவங்க," என்றான்.

"அட, நம்ம அந்தோணி மவனா! ஒங்கப்பன் எங்க களத்துல கோமணத்தோட நிப்பான். நீ பொத்தான் வச்சிக்கினு நிக்கிற. எத்தினி பொத்தான்டா?"

"அஞ்சுங்க."

"ஒண்ணொண்ணா அவுரு. நான் பாக்கணும்."

வண்டி ஓட்டுகிறவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சவுரிராயன் மேலிருந்து தொடங்கினான். மூன்றாவது பொத்தானின் நூல் தளர்ந்திருந்தது. நாலாவது ஓட்டையை விட்டு வர மறுத்தது. விரல் ஈரத்தில் வழுக்கியது.

"மெதுவா, மெதுவா. பிஞ்சிடப் போவுது, சர்க்கார் சொத்து."

ஐந்தாவதும் ஆனது.

"மடிச்சி அக்குள்ள வையி. ஆங். இப்பத்தான் ஆளு அடையாளம் தெரியுது." வேங்கடேசன் வெற்றிலையைத் துப்பினான். "போலாம்டா."

வண்டி மேற்கே போயிற்று. இடது மாட்டுக் கொம்பில் பச்சை வர்ணம், வலது மாட்டுக் கொம்பில் பாதி உதிர்ந்த சிவப்பு. கழுத்து மணி ஏழு. வேங்கடேசன் மோதிரக் கல்லில் ஒரு கீறல். துப்பிய எச்சில் வண்டித்தடத்துத் தண்ணீரில் விழுந்து, உடனே கரையாமல், நூலாக நீண்டு, ஒரு கூழாங்கல்லைச் சுற்றிக்கொண்டு, பிறகு மெல்ல வெளுத்தது. வெற்றுடம்பில் தூறல் விழ, சவுரிராயன் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். சாகிற நாள் வரைக்கும் அந்த எச்சில் வெளுத்த விதத்தை அவனால் சொல்ல முடியும்.

அதற்கு அடுத்து அவனிடம் இருப்பது இன்ஜின் அலறல்.

மேற்கேயிருந்து வந்த வண்டி பெரிய வீட்டு வண்டி. ஓட்டியவன் பச்சமுத்து, அந்த வீட்டுப் படியாள். மல்லாட்டை மூட்டைகளை ஓலைப்பாயால் மூடி, நனைவதற்குள் மண்டியில் சேர்க்க வேண்டும் என்று விரட்டிக்கொண்டு வந்தான். மூட்டைமேல் அவன் பெண்சாதி அஞ்சம்மாளும் மூன்று வயசுப் பெண் வடிவும் உட்கார்ந்திருந்தார்கள். இன்ஜின் வண்டியை வெகுதூரம் இழுத்துக்கொண்டு போய்ப் போட்டது. பச்சமுத்து வேலிக்காத்தான் புதரில் போய் விழுந்தான். வலது கை முறிந்தது. மற்ற இருவரையும் இரண்டு கோணிகளில் எடுத்து வைத்தார்கள். பெரிய கோணி, சின்னக் கோணி.

வேங்கடேசன் திரும்பி வந்தான். சரிவில் கிடந்த மாடுகளிடம் போய் உட்கார்ந்தான். ஒன்றின் நெற்றியைத் தடவினான். கண் கலங்கிவிட்டது.

"இந்த ஜோடி சேர எத்தினி சந்தை சுத்தினேன் தெரியுமாடா," என்றான். பிறகு பச்சமுத்துவைப் பார்த்தான். "நீ எப்பிட்றா பொழைச்ச?"

பச்சமுத்து அதற்குப் பதில் தேடுகிறவனைப்போல அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மேற்குக் கதவு கீலிலிருந்து கழன்று வயலில் கிடந்தது. கிழக்குக் கதவு சுக்கல். இன்ஜின் பிய்த்துப் போட்டதா, முன்னாலேயே ஆள் தூக்கிப் போட்டதா, அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை. மேற்குப் பூட்டை வாய்க்காலில் இறங்கி இரண்டு நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை.

விசாரணை மூன்றாம் நாள் திண்டிவனத்தில். போவதற்கு முன்னால் ரயில் பாதை வேலைக்காரர்களின் மேஸ்திரி விருத்தாசலம் சவுரிராயனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"பூட்னேன்னு சொல்லு. பட்டுனு சொல்லாத, வெவரமா சொல்லு. வெவரம் இருந்தாத்தான் நம்புவானுங்க."

"பூட்டித்தாங்க இருப்பேன்."

"இருப்பேன்னா இன்னாடா அர்த்தம்?"

சவுரிராயனுக்கும் அதே கேள்விதான். மூன்று நாளாக அவன் அந்தச் செவ்வாய்க்கிழமைக்குள் போய்ப் போய்த் திரும்பினான். உள்ளே வெற்றிலை எச்சில் இருந்தது. ஐந்து பொத்தான் இருந்தது. அந்தப் பக்கம் இன்ஜின் அலறல் இருந்தது. நடுவே இருக்க வேண்டிய கேட் இல்லை. ஆனால் பூட்டியதே இல்லை என்றும் ஒரு ஞாபகம் இல்லையே. பூட்டாமல் விட்ட நாள் வாழ்க்கையில் ஒன்று உண்டா? கை செய்திருக்கும். கை எந்த நாளும் செய்யும்.

விசாரணைக்கு வந்த அதிகாரி ஜலதோஷக்காரர். கைக்குட்டையை மடித்து மடித்து மூக்கைத் துடைத்தார். அதட்டவில்லை.

"பயப்படாதேப்பா. கேட்டை மூடினாயா?"

"மூட்னேங்க."

"எப்படி மூடினாய், சொல்லு. அவசரமில்லை."

"மேக்குக் கதவ இஸ்தேங்க. சங்கிலிய மாட்டுனேன். பூட்டப் போட்டேன். பூட்டு சுட்டுச்சுங்க, துண்டால புட்சி அமுக்குனேன். சாவிய இடுப்புல சொருவிக்கினு கெழக்கால போனேங்க."

எழுதிக்கொண்டே வந்த பேனா நின்றது.

"பூட்டு என்ன செய்தது?"

"சுட்டுச்சுங்க."

"அன்றைக்கு விடியற்காலையிலிருந்து மழை."

சவுரிராயன் வாயைத் திறந்தான். உள்ளங்கையில் அந்தச் சூடு இன்னும் இருந்தது. அது பொய்யில்லை.

"நீ பொய் சொல்கிறாய் என்று நான் சொல்லமாட்டேன்," என்றார் அதிகாரி, அன்பாகவே. "நீ சொன்னது நடந்ததுதான். ஏதோ ஒரு சித்திரை மாசத்தில் நடந்திருக்கும். நான் கேட்பது செவ்வாய்க்கிழமைப் பூட்டு. அதை எடு, பார்க்கலாம்."

அவன் தேடினான். அறையில் எல்லோரும் அவன் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் அகப்பட்டதெல்லாம் பொத்தான்தான். அதைச் சொன்னால் பெரிய வீட்டுப் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால் சேரியில் அவன் அம்மா படுத்திருக்கும் குடிசை அடுத்த நாள் நிற்காது.

"வரலிங்க," என்றான்.

"சரி. வந்தால் சொல்லு."

அடுத்து வேங்கடேசன். அவனுக்கு நாற்காலி போட்டார்கள். தான் கடந்தபோது கேட்மேன் நின்றுகொண்டிருந்தான் என்றான். "கோட்டு போடாமத்தான் நின்னான்," என்று சேர்த்துக்கொண்டான். பணிநேரத்தில் கோட்டு அணியாததற்குச் சவுரிராயனுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் பிறகு வந்தது. அந்த விபத்துக்காக ரயில்வே அவனுக்குக் கொடுத்த ஒரே தண்டனை அதுதான்.

பச்சமுத்து கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தான்.

"கேட் திறந்திருந்ததா?"

"தொறந்துதாங்க கெடந்துச்சி."

"கண்ணால் பார்த்தாயா?"

"மாடு நிக்கலிங்களே சாமி. மூடியிருந்தா மாடு நின்னிருக்கும்."

"மாட்டை நான் கேட்கவில்லை. நீ பார்த்தாயா?"

"நான் எடத்து மாட்டுக் கால பாத்துக்கினு வந்தேங்க. லாடம் உழுந்து நொண்டிக்கினு வந்துச்சி. தலைமேல கோணிங்க. மாட்டுக் காலு, சேறு, அவ்ளோதாங்க தெரியும்."

"அப்படியென்றால் கேட்டைப் பார்க்கவில்லை."

"இல்லீங்க," என்றான்.

"மாட்டத்தான் சாட்சிக்குக் கூப்புடணும்," என்றார் எழுதுகிற குமாஸ்தா. விருத்தாசலம் முதலில் சிரித்தார். அதிகாரிகூட மூக்கைத் துடைக்கிற சாக்கில் சிரித்தார். பச்சமுத்துவும், பெரியவர்கள் சிரிக்கும்போது சும்மா நிற்கக் கூடாது என்று, கொஞ்சம் சிரித்தான்.

மறுநாள் காலை சவுரிராயனின் மனைவி இருதயமேரி தானாகவே விசாரணை அறை வாசலில் போய் நின்றாள். கோலியனூர்ப் பக்கத்துக்காரி. முந்தின நாள் ஜன்னலுக்கு வெளியே குந்தி எல்லாவற்றையும் கேட்டவள்.

"நான் பாத்தேங்க. மழையில பூட்டு வழுக்குதுன்னு என் முந்தானியக் கேட்டாரு. குடுத்தேன். தொடச்சிட்டுப் பூட்னாரு. நான் அடுப்பாண்ட போயிட்டேன். கொஞ்சம் பொறுத்துக் கதவத் தூக்கற சத்தம் கேட்டுச்சி. இந்த வண்டிக்காரங்க எப்பவும் தூக்கறதுதானுங்களே."

"உன் புருஷன் பூட்டு சுட்டது என்றானே?"

"ரத்தத்தப் பாத்த ஆளுங்க. அவரு பேரக் கேட்டாக்கூட இப்ப மாத்தித்தான் சொல்லுவாரு."

அதிகாரி பேனாவை எடுத்தார். ஈர முந்தானை அவர் காகிதத்தில் ஏறியது. அப்புறம் அது கோர்ட்டுக்குப் போயிற்று. வண்டிக்காரர்கள் கேட்டைத் தூக்குவது உண்டா என்று கேட்டதற்கு வந்த சாட்சிகளெல்லாம் உண்டு என்றார்கள், அது உண்மைதானே. நீ எப்போதாவது தூக்கியிருக்கிறாயா என்று பச்சமுத்துவைக் கேட்டார்கள். போன வருஷம் ஒரு தரம், என்றான். அவனுக்கு ஒன்றரை வருஷம் ஜெயில் கொடுத்தார்கள்.

சவுரிராயன் அதே கேட்டுக்குத் திரும்பினான். புதுக் கதவு, புதுப் பூட்டு. முதலில், அந்த முந்தானை மேரியின் வார்த்தைதான் என்று அவனுக்குத் தெரியும். கேட்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னான். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அத்தனை பேருக்கும் சொன்னான். மற்ற எதையும் அவன் அவ்வளவு கவனமாகச் சொன்னதில்லை. எந்தக் கையால் வாங்கினான், எந்த விரலால் சாவித் துவாரத்தைத் துடைத்தான் என்று ஒவ்வொன்றாக நிதானித்துச் சொன்னான். சொல்லச் சொல்ல முந்தானைக்குக் கரை வந்தது. கரைக்கு நிறம் வந்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் துணியின் புகைவாடை வந்துவிட்டது. அதற்கப்புறம் அவனுக்குச் சோறு இறங்கியது. பச்சமுத்து கேட்டைத் தூக்கிவிட்டுக் கூசாமல் பொய் சொன்னான் என்பதில் அவனுக்குக் கோபம்கூட வந்தது.

நாற்பதாம் வருஷம் ஆடியில் ஒரு நாள், ரயில் பாதை வேலைக்குப் புதிதாக வந்த சேட்டு என்பவன் மத்தியானம் நிழலுக்கு ஒதுங்கினான். சவுரிராயன் அவனுக்கு முழுக்கதையும் சொன்னான். சேட்டு போன பிறகு கேப்பைக் களி கட்டிதட்டியிருக்கிறது என்று மேரியிடம் எரிந்து விழுந்தான்.

"ஒரு வேலைய முழுசா செய்யத் தெரியுதா ஒனக்கு? என்னப் பாரு. அந்த மழையிலயும் முந்தானி வாங்கித் தொடச்சிப் பூட்னவன் நானு."

மேரி களிச்சட்டியைக் கீழே வைத்தாள்.

"எந்த முந்தானி?"

"ஏன், ஒன் முந்தானிதான்."

"யோவ், என்னாண்டயே சொல்றியே. நான் அன்னிக்குத் திரும்பவே இல்ல. அடுப்புல ஈர முள்ளு, ஊதி ஊதிக் கண்ணு அவிஞ்சி போச்சி. ரயிலு கத்துனப்புறந்தான் எழுந்தேன்."

"கதவத் தூக்கற சத்தம் கேட்டுச்சின்னியே?"

"மழையில இன்னா கேக்கும்? நீ சூடுன்னு ஒளறிட்டு வந்த. நான் ஈரம்னு சொன்னேன். துன்னணுமா வேணாமா?"

"அப்ப நான் பூட்னனா இல்லியாடி?"

"என்னக் கேட்டா? கை ஒன்னுது."

அவள் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சவுரிராயன் அப்படியே உட்கார்ந்திருந்தான். பொய் என்று தெரிந்துவிட்டால் அது போய்விடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். போகவில்லை. முந்தானை அவன் விரல்களில் ஈரமாகவே இருந்தது. அவள் சொன்னதுதான் நிஜம் என்று தெரிந்தது; விரலுக்கு அது தெரியவில்லை.

ஆவணியில் பச்சமுத்து வந்தான்.

வெயில் நேரம். அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. தலையை மொட்டையடித்த ஒருவன் மேற்கேயிருந்து நடந்து வந்து, புதுக் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சவுரிராயனுக்கு எதிரே மண்ணில் குந்தினான். முறிந்த கை கோணலாகச் சேர்ந்திருந்தது.

"நல்லாக்கிறியா அண்ணே?"

சவுரிராயன் கொடிக்கம்பைக் கையில் எடுத்துக்கொண்டான். அடிக்க வந்திருக்கிறான் என்று நினைத்தான்.

"சண்டைக்கு வரல," என்றான் பச்சமுத்து. "ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். ஜெயில்ல தெனம் கேப்பானுங்க, எப்பிட்றா தூக்குனன்னு. மொதல்ல தூக்கலன்னேன். ஒதச்சானுங்க. அப்பால தூக்குனேன்னு சொன்னேன், உட்டுட்டானுங்க. சொல்லு சொல்லுன்னு தெனம் சொல்லவச்சிச் சிரிப்பானுங்க. சொல்லிச் சொல்லி இப்ப இன்னாடான்னா, தூக்குன மாதிரியே கீது. தோள்ல அந்தக் கனம் தெரியுது. நெஜமா தூக்குனனா, இவனுங்க ஏத்திவுட்டதா, எனக்கே ரெண்டும் பிரிய மாட்டேங்குது."

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

"நீ அங்கதான் இருந்த. தொறந்து கெடந்துச்சின்னா நான் ஒண்ணும் பண்ணல, என்னிக்கும் போல வண்டி ஓட்டினு வந்தேன். நான் தூக்கியிருந்தா, ரெண்டு பேரையும் நாந்தான் கொன்னேன். எதுன்னு தெரிஞ்சாப் போதும். யாராண்டயும் போய்ச் சொல்ல மாட்டேன் அண்ணே, ஒன் வேலைக்கு ஒண்ணும் வராது. எனக்கு மட்டும் சொல்லு."

வீட்டுக்குள் மேரி உரலில் இடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

எனக்குத் தெரியாது. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். அதைச் சொன்னால் பச்சமுத்து பாதியாவது மீண்டு எழுந்து போவான். மீதிப் பாதி சவுரிராயன்மேல் வந்து உட்காரும், சாகிறவரை எழுந்திருக்காது. எதிரே குந்தியிருந்தவன் நாய் சோற்றைப் பார்ப்பதுபோல அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் சவுரிராயனுக்கு ஒன்று விளங்கியது. என்ன சொன்னாலும் இவன் வாங்கிக்கொள்வான்.

"நீதான் தூக்குன," என்றான்.

பச்சமுத்து புதுக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் கெழக்குக் கதவாண்ட இருந்தேன். திரும்பிப் பாத்தா நீ தோள் குடுத்துக்கினு கீற. கத்துனேன். தலைமேல கோணி போட்டிருந்தியா, கேக்கல ஒனக்கு."

"அன்னிக்கே ஏன் அண்ணே சொல்லல?"

"பொண்டாட்டி புள்ளயப் பறிகொடுத்தவன நாம வேற மாட்டிவுடறதான்னுதான்."

பச்சமுத்து கோணல் கையையும் நல்ல கையையும் சேர்த்து அவனைக் கும்பிட்டான். "எந்தத் தோளு அண்ணே?"

"வலது."

"அதான் வலிக்குது." தலையை ஆட்டிக்கொண்டான். எழுந்திருக்கப் போனவன் மறுபடி உட்கார்ந்தான். "ஆனா ஒண்ணு புடிபடல. அதுல சத்தமே இல்ல அண்ணே. நான் தூக்குறேன், மழ பெய்யிது, ஒரு சத்தமும் வர்ல. அஞ்சம்மா வாய வச்சிக்கினு சும்மா இருக்கறவளா? படம் மாட்டுன மாதிரி கீது. அதனாலதான் சந்தேகம் வர்து."

சவுரிராயனுக்கு அந்த ஜலதோஷக்கார அதிகாரி நினைவு வரவில்லை, விருத்தாசலமும் வரவில்லை. அவர்களிடம் கற்றதுதான் வந்தது. எதைச் சேர்த்தால் இது நிற்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"ஒம் பொண்ணு கூப்டுச்சே," என்றான். "அப்பான்னு. ரெண்டு தபா கூப்டுச்சி. நீ திரும்பல."

பச்சமுத்துவின் முகம் மெல்ல நிமிர்ந்தது.

"அதுக்குப் பேச்சு வர்லியே அண்ணே."

வெயிலில் தண்டவாளம் விண்ணென்று ஒரு சத்தம் போட்டு அடங்கியது.

"மூணு வயசாயும் ஒரு வார்த்த வர்ல. ஊமையோன்னு பயந்துக்கினு இருந்தோம். மயிலத்து முருகனுக்கு வேண்டிக்கினு, மொட்ட போட நாள்கூடப் பாத்து வச்சிருந்தோம்."

சவுரிராயன் கால்மாட்டிலிருந்த ஒரு சல்லிக்கல்லைப் பார்த்தான். அதன் மூன்று முனைகளையும், நடுவில் ஓடிய வெள்ளை வரியையும் பார்த்தான். கண்ணை எடுக்க முடியவில்லை.

பச்சமுத்துவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. எதையோ எடுத்து வேறு இடத்தில் வைத்துப் பார்த்து, அங்கே அது பொருந்துகிறதா என்று பார்க்கிறவன்போல இருந்தான். பிறகு கேட்டான்.

"அன்னிக்குத்தான் வந்துச்சா?"

சவுரிராயன் அந்தச் சல்லிக்கல்லைக் கால்விரலால் புரட்டினான்.

"மொத மொதலா என்னத்தான் கூப்டுச்சா?"

"ஆமா," என்றான் சவுரிராயன்.

"அப்பான்னா?"

"அப்பான்னு."

பச்சமுத்துவின் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக இறங்கியது. அழுகிற முகமாக அது இல்லை. மண்ணில் இருந்தபடியே நகர்ந்து நகர்ந்து கிட்டே வந்தான். காதைச் சவுரிராயன் பக்கம் திருப்பினான்.

"எப்பிடிக் கூப்டுச்சி? ஒரு தபா கூப்ட்டுக் காட்டு அண்ணே."

"இன்னாடா பேஜாரு..."

"ஒரே தபா. நீ கேட்டிருக்கியே. நான் கேக்கலியே."

சவுரிராயன் வீட்டுப் பக்கம் திரும்பினான். வாசலில் மேரி உலக்கையோடு நின்றிருந்தாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

அவன் தொண்டையைச் செருமினான். குரலைச் சின்னதாக்கினான்.

"அப்பா."

பச்சமுத்து கண்ணை மூடிக்கொண்டான்.

"ரெண்டு தபான்னியே."

"அப்பா."

"ஆமா," என்றான் பச்சமுத்து. "ஆமா அண்ணே. கூப்டுச்சி. எனக்குக் காதுல உழுந்துச்சி. நாந்தான் திரும்பல."

அவன் பெரிய வீட்டுக்கே மறுபடி வேலைக்குப் போனான். செவ்வாய்தோறும் மத்தியானச் சோற்று நேரத்தில் கேட்டுக்கு வருவான். கொஞ்ச நேரம் மழையைப் பற்றியோ யுத்தத்தைப் பற்றியோ பேசுவான். அப்புறம் காதைத் திருப்பிக்கொள்வான். மறக்கப் பார்க்கிறது அண்ணே, என்பான். நீ ஒரு தரம் சொன்னால் ஒரு வாரத்துக்குத் தாங்குகிறது. சவுரிராயன் கூப்பிடுவான். இரண்டு தடவை. பச்சமுத்து கும்பிட்டுவிட்டுப் போவான்.

விழுப்புரம் யார்டுக்கு மாற்றல் கேட்டுச் சவுரிராயன் ஏழு வருஷத்தில் மூன்று மனு எழுதினான். காரணம் என்ற இடத்தில் மூன்றிலும் 'தொண்டைக் கோளாறு' என்று எழுதினான். மாற்றல் வரவில்லை. பச்சமுத்து வந்துகொண்டிருந்தான்.